பார்க்கின்சன் மூளைத் தரவில் தெரிவது நோயா, மருந்தா?

கயல், பிறை:
வணக்கம். என் முதுநிலை ஆய்வுக்குப் பொதுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு தரவுத்தொகுப்பை எடுத்திருக்கிறேன். பார்க்கின்சன் நோயோடு வாழ்ந்து இறந்தவர்களின் நடுமூளையில், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் கரும்பகுதியில் எடுத்த திசுவில் ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு வெளிப்பட்டது என்ற கணக்கு அது. நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டால், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமின் என்னும் வேதிப்பொருளின் தயாரிப்பில் பங்கேற்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் மரபணு வெகுவாகக் குறைந்தும், அழற்சி சார்ந்தவை கூடியும் இருக்கின்றன. ஆனால் இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் லெவோடோபா என்னும் மருந்தைச் சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். என் தாத்தாவும் அதைத்தான் சாப்பிடுகிறார். காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை கோப்பிக் குவளையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டிருப்பவர், பிறகு ஒரு கையால் எடுத்துக் குடிக்கிறார். ஒரே காலையில் உடம்பை இப்படி மாற்றும் மருந்து, ஆண்டுக்கணக்கில் மரபணுக்களின் வெளிப்பாட்டையும் மாற்றாமலா இருக்கும்? நான் காண்பதில் நோய் எது, மருந்து எது என்று எப்படிப் பிரிப்பது?

செந்தில், கோலாலம்பூர்:
கயல், மருந்துக்குப் போகும் முன் உயிரணுக்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். உங்களுடையது திசுவை மொத்தமாக அரைத்து அளந்த தரவு. ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுப்போரில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போய்விட்டால் அன்றைய பாலின் எடை குறையும்; அதை வைத்து, மிஞ்சியிருப்பவர்கள் குறைவாக வேலை செய்தார்கள் என்று எழுத முடியாது. டோபமின் நரம்பணுக்கள் அழிந்து, அவற்றைச் சுற்றியுள்ள மைக்ரோகிளியா என்னும் மூளையின் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் பங்கு கூடினாலே நீங்கள் சொன்ன இரண்டு மாற்றங்களும் பெருமளவு தோன்றிவிடும். ஒவ்வொரு உயிரணுக்கருவையும் தனித்தனியாக அளந்த ஒற்றை உயிரணுக்கரு ஆர்என்ஏ தரவை ஒப்பீட்டு அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு மாதிரியிலும் உயிரணு வகைகளின் விகிதத்தை மதிப்பிட்டு, அதையும் உங்கள் புள்ளியியல் சமன்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் ஓர் இடர் இருக்கிறது. 2022இல் வெளியான அத்தகைய ஆய்வொன்று மனித சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் டோபமின் நரம்பணுக்களை 10 வகையாகப் பிரித்து, ஏஜிடிஆர்1 மரபணு வெளிப்படும் வகையே நோயில் மிகுதியாக அழிகிறது என்று காட்டியது. ஆகவே நாம் அளப்பது தப்பிப் பிழைத்தவற்றைத்தான்.

வாணி, மருந்தாளர், ஜார்ஜ்டவுன்:
செந்தில் சொன்னதை முதலில் செய்யுங்கள். மருந்தைப் பொறுத்தவரை, அது எங்கே வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். டோபமினால் இரத்த-மூளைத் தடுப்பைக் கடக்க முடியாது. லெவோடோபா, அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்லும் கடத்தியின் வழியாக உள்ளே போய் அங்கே டோபமினாக மாறுகிறது. (பருப்பும் மீனும் நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டால் சிலருக்குச் சரியாக வேலை செய்யாததற்கும் இந்தப் போட்டியே காரணம். தாத்தாவுக்கு வேளை மாற்றுவதாக இருந்தால் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.) அந்த டோபமினை ஏற்கும் டி1, டி2 ஏற்பிகள் செறிந்திருப்பது, அசைவுகளைக் கட்டுப்படுத்த உதவும் புட்டாமென் என்னும் வேறொரு மூளைப்பகுதியில். டோபமின் நரம்பணுக்களை அழித்த எலிகளுக்கு லெவோடோபாவைத் தொடர்ந்து கொடுக்கும்போது, அதற்கு இணையான பகுதியில் ஃபாஸ்பி என்னும் புரதம் கூடுவது நன்கு அறியப்பட்டது. அத்தகைய மரபணுக்கள் உங்கள் பட்டியலில் மேலே வந்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம்.

தினசரி மருந்தளவைக் கணக்கில் சேர்த்தால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் முற்ற முற்ற மருந்தளவும் கூடுவதால் இரண்டும் ஒன்றாகவே நகரும். எந்தச் சமன்பாடும் அவற்றைச் சுத்தமாகப் பிரித்துத் தராது. மருந்தே படாத மூளைதான் உதவும். அறிகுறி ஏதுமின்றி வாழ்ந்து வேறு காரணத்தால் இறந்த சிலரின் மூளையிலும், பார்க்கின்சன் நோயின் அடையாளமாகிய லூயி திரள்கள் என்னும் புரதக் கட்டிகள் நரம்பணுக்களுக்குள் காணப்படுவதுண்டு. அவர்கள் லெவோடோபாவைத் தொட்டதே இல்லை. அவர்களிடமும் அதே மாற்றம் அதே திசையில் இருந்தால், அதை மருந்தின் மேல் சுமத்த முடியாது.

கயல், பிறை:
செந்தில் அண்ணா, வாணி அக்கா, மிக்க நன்றி. மாதிரிகளின் விவர அட்டவணையை இன்றிரவு மீண்டும் திறந்து பார்த்தேன். நோய்க்காலம் இருக்கிறது, மருந்தளவு என்ற நிரலே இல்லை. உயிரணு விகித மதிப்பீட்டில் தொடங்கி, பிறகு அறிகுறியற்ற லூயி திரள் மாதிரிகளுள்ள தொகுப்பைத் தேடுகிறேன். வரைவில் ‘நோயால் குறைந்த மரபணுக்கள்’ என்றிருந்த தலைப்பை ‘நோயாளிகளின் திசுவில் குறைவாக அளக்கப்பட்டவை’ என்று இப்போதே மாற்றிவிட்டேன்.