பாட்டியின் கிணற்று மூடி

சிட்டா நகரில் ரயில் ஏறி ஹ்ராடெக் ஊரில் இறங்குவதற்குச் சில நிமிடங்களே ஆகும். அதற்குள் ரயில் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, போலந்து மண்ணில் எங்கும் நிற்காமல் ஓடி, செக் நாட்டுக்குள் நுழைந்துவிடும். எல்லை எங்கே வந்தது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து கவனித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அது 2021 ஆகஸ்ட். டிரெஸ்டனில் நீரியல் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கும் ஒருவருக்கு உதவியாக ஊஹெல்னா என்ற செக் எல்லையோரக் கிராமத்துக்குப் போனேன். நிலக்கரியைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்தப் பக்கம் போலந்தின் துரூவ் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். நான் நெய்வேலிப் பக்கத்துக்காரன். திறந்தவெளிச் சுரங்கம் எனக்குப் புதிதல்ல. குழிக்குள் தண்ணீர் ஏறாமலிருக்க இரவும் பகலும் இறைத்தே ஆக வேண்டும். இறைக்க இறைக்க, சுற்றுவட்டார நீர்மட்டம் புனல் வடிவில் சரியும். அந்தப் புனலின் விளிம்பு இன்னொரு நாட்டுக்குள் விரிந்தால் யாரிடம் முறையிடுவது என்று மட்டும் அதுவரை யோசித்ததில்லை.

ஒரு பாட்டி கிணற்றின் மரமூடியைத் திறந்துவிட்டார். அளவுநாடாவை இறக்கினோம். நுனி தண்ணீரைத் தொட்டால் ஒலி எழும்பும். எழும்பவில்லை. மேலே இழுத்தபோது நுனியில் சேறு ஒட்டியிருந்தது. பாட்டி மூடியைத் திருப்பிக் காட்டினார். உட்புறம் முழுக்கப் பென்சில் கோடுகள், அருகே தேதிகள். மறைந்த கணவர் வருடக்கணக்கில் குறித்து வைத்தவை. "இதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். உடன் வந்தவர் தயங்கினார். ஆய்வறிக்கையில் அதற்கு இடமில்லை. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன்.

இந்தச் சுரங்கத்தை எதிர்த்துப் போலந்து மேல் செக் அரசு தொடுத்த வழக்கின் முடிச்சே அங்கேதான் இருந்தது. கிணறுகள் வற்றக் காரணம் சுரங்கம் என்றது செக் தரப்பு. மழைக் குறைவையும் பாருங்கள் என்றது போலந்து தரப்பு. வறட்சியும் பொய்யல்ல. ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்ட, இரு நாடுகளும் ஏற்கும் நெடுங்காலப் பொது அளவீடு வேண்டும். எல்லைக்கு இருபுறமும் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, ஒரே முறையில் அளந்து, கணக்கை ஒளிக்காமல் பகிர்ந்துகொள்வதுதான் முதல் வேலை என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். வழக்குக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இங்கே வழக்குதான் முந்தியது. 2021 பிப்ரவரியில் செக் அரசு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனது. மே மாதம், தோண்டுவதை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது. போலந்து நிறுத்தவில்லை. செப்டம்பரில் நாளொன்றுக்கு 5 லட்சம் யூரோ அபராதம். 2022 பிப்ரவரி 3 அன்று இரு பிரதமர்களும் பிராகில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். செக் தரப்புக்கு 4.5 கோடி யூரோ, நீர் வடிவதைத் தடுக்க நிலத்தடிச் சுவர், நீர்மட்டக் கண்காணிப்பு. வழக்கும் திரும்பப் பெறப்பட்டது. சுரங்க உரிமமோ 2044 வரை நீண்டிருந்தது.

சுரங்கத் தொழிலாளர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சம்பளத்தில் எத்தனை வீட்டு அடுப்பு எரியும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வருத்தமெல்லாம் வேறு. இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட மேசையில் அந்த மரமூடிக்கு இடமில்லை. ஐம்பது வருடக் கணக்கு வேண்டுமென்று நிபுணர்கள் தேடும்போது, ஒரு மனிதர் தன் கிணற்றடியில் நின்று குறித்ததைக் கேட்க ஆளில்லை.

அந்தக் குளிர்காலம் ஊருக்கு வந்தபோது, கயிற்றில் கல்லைக் கட்டி எங்கள் கிணற்றை அளந்தேன். மோட்டார் கொட்டகைச் சுவரில் தேதியையும் அளவையும் கரியால் எழுதினேன். அடுத்த மாத அளவை அப்பா எழுதி, படம் எடுத்து அனுப்பினார்.