மறு: பூசி, காத்திருந்து ஒட்டும் பசைக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பர்களே,

> கான்டாக்ட் சிமெண்டுக்குத் "தொடுபசை" போதுமே. தொடுதிரையை ஏற்றுக்கொண்டோம், இதை ஏன் ஏற்கக் கூடாது?

திரையைத் தொட்டால்தான் வேலை நடக்கும். இந்தப் பசையை விரலால் தொட்டால் அன்றைய வேலை கெடும். தவிரவும், "தொடு" என்று தொடங்கினாலே எனக்குத் தொடுகறிதான் நினைவுக்கு வருகிறது.

சொல் எங்கே தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். நான்காம் படிவத்தில் படிக்கும் என் தம்பி மகளுக்கு ஈப்போவில் ஒரு காஸ்பிளே கூடலுக்கு, அதாவது கதைமாந்தர் வேடமிட்டு வருவோர் கூடும் இடத்துக்கு, போக வேண்டும். ஜப்பானியச் சித்திரக்கதை வீரனின் கேடயமும் மார்க்கவசமும் வேண்டும். வீட்டில் தையல் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் தைத்த பொத்தான் எதுவும் ஒரு வாரம் தாங்கியதில்லை. "ஊசியே வேண்டாம் அத்தை, பாய் போதும்" என்றாள். பாய் என்றது, குழந்தைகள் விளையாடுவதற்காகத் தரையில் பல்லோடு பல் கோத்து விரிக்கும் ஈ.வி.ஏ. நுரைத் துண்டுகளை. (இதற்கு முன்பு ஒருவர் "நுரைப்பஞ்சு" என்று எழுதியிருந்தார். பஞ்சு நீரை உறிஞ்சும். இதன் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியவை. நீர் உள்ளே போகாது. ஆகவே நுரைப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

செய்முறையைத் தமிழில் எழுதித் தரச் சொன்னாள், தன் தோழிகளுக்காக. காகிதத்தில் அளவு வரைந்து, கூரான கத்தியால் வெட்டி, அனலூதியால் சூடு காட்டி, இளகியதும் முழங்காலில் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்திருப்பது. இதுவரை சொல்லுக்குத் தட்டுப்பாடு இல்லை. பசைக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

அவளும் அங்கேதான் சறுக்கினாள். சாதாரணப் பசை என்று எண்ணி, ஒரு துண்டில் மட்டும் பூசி, உடனே மற்றதை வைத்து அழுத்திவிட்டாள். கரைப்பான் வெளியேற வழியில்லாமல் நடுவில் சிக்கிக்கொண்டது. மாலைக்குள் கேடயத்தின் விளிம்பு வாயைப் பிளந்தது.

அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இளமை முழுவதும் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். "ஏம்மா, சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டியதைப் பார்த்ததே இல்லையா?" என்றார். டியூபைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசை பூசி, வாயால் ஊதிக் காயவைத்து, பிறகல்லவா ஒட்டுத்துண்டை வைப்பார்கள்! மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கிலிருந்து வாளிக்குப் பால் ஊற்றும்போது விரலில் பட்டுக் காய்ந்த பாலைப் பற்றியும் சொன்னார். தோலிலிருந்து அதை உருட்டி எடுத்துவிடலாம். ஆனால் பால் காய்ந்த இரண்டு விரல்கள் சேர்ந்துவிட்டால் இழுத்துத்தான் பிரிக்க வேண்டுமாம்.

விஷயமே இதுதான். டின்னில் இருப்பது பாலிகுளோரோப்பிரீன் என்னும் செயற்கை ரப்பர், கரைப்பானில் கரைந்த நிலையில். இரண்டு முகங்களிலும் பூசினால் கரைப்பான் ஆவியாகி ரப்பர் ஏடு மட்டும் தங்கும். ஏட்டோடு ஏடு சேரும்போது இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். 1877இல் பக்கத்துக் கோலாகங்சாரில் 9 ரப்பர் கன்றுகளை நட்ட நாட்டில், இந்தப் பசைக்கு வெளியூரில் போய்ப் பெயர் தேடுவது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. "ஒட்டுப்பால்" என்றே வைக்கலாமா என்று ஆசைப்பட்டேன். அப்பா தலையை ஆட்டினார்: அது மங்கிலும் பட்டையிலும் உறைந்து கிடப்பதற்குப் பெயர், கழித்து விலைபோடும் சரக்கு.

"உலரொட்டி" என்றும் எழுதிப் பார்த்தேன். தம்பி மகள் உரக்கப் படித்துவிட்டு, "ரொட்டி சானாய் காய்ந்துபோனதா?" என்று கேட்டாள். அதுவும் போயிற்று. "காய்பசை" என்றால் பலாக்காயின் பசை. "தன்னொட்டி" பொருளுக்கு மிக நெருங்கி வருகிறது. ஆனால் கடையில் விற்கும் ஒட்டுவில்லைகளுக்கே அது பொருந்தும்.

கடைசியில் அவளே சொன்னது: பொறுபசை. எனக்குப் பிடித்துவிட்டது. பெயரைப் படித்தவன் உடனே அழுத்த மாட்டான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து

---

அம்மையீர், வணக்கம்.

சொல் இனிக்கிறது. ஆனால் பொறுப்பவர் மனிதர், பசை அல்லவே? வினைத்தொகையாக விரித்தால் "பொறுத்த பசை, பொறுக்கின்ற பசை, பொறுக்கும் பசை" என்று வரும். இலக்கணம் இடிக்கிறது.

தஞ்சோங் மாலிமிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

குடிநீரில் குடிப்பது நீரா? ஊறுகாயில் ஊறுவது காய்தான், ஒப்புக்கொள்கிறேன்; குடிநீரைக் குடிப்பவர் நாம். வினைத்தொகை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பொறுத்தல் என்றால் தாங்குதல் என்றும் பொருள் உண்டு. நேற்று ஒட்டிய கேடயம் பையன்கள் கொடுத்த அடியைத் தாங்கிவிட்டது. அந்தப் பொருளில் பசைதான் பொறுக்கிறது.

ஒன்றை விட்டுவிட்டேன், செய்முறையில் சேர்க்க வேண்டும். ஏடுகள் தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது. இடையில் எண்ணெய்த்தாளை வைத்து, இடம் பார்த்து, சிறிது சிறிதாக உருவிக்கொண்டே அழுத்த வேண்டும். நெடி தலையைச் சுற்றவைக்கும். வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும்.

தம்பி மகள் காகிதத்தில் "பொறுபசை" என்று எழுதி டின்மேல் ஒட்டிவிட்டாள். சோற்றுப் பருக்கையால்.