யுடெவ் ரூல் எழுதியும் ரெண்டு சிம்லிங்க்கும் ஒரே டெவைஸுக்கே போகுது, என்ன பண்ணலாம்?

பூட்_லோடர்:
வணக்கம் மக்களே, லினக்ஸ் மெஷின்ல ரெண்டு யூஎஸ்பி சீரியல் அடாப்டர் மாட்டியிருக்கேன், ஒண்ணு டெம்பரேச்சர் சென்சாருக்கு இன்னொண்ணு மோட்டார் கண்ட்ரோலருக்கு, ரெண்டும் சிஎச்340 சிப். ஒவ்வொரு ரீபூட்டுக்கும் லினக்ஸ் வைக்கிற டிடிஒய்யூஎஸ்பி0, டிடிஒய்யூஎஸ்பி1ங்கிற பேர் இடம் மாறுது, மோட்டாருக்கு அனுப்புற கமாண்ட் சென்சாருக்குப் போகுது. வெண்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி (தயாரிப்பாளர், மாடல் எண்) வச்சு யுடெவ்ல (டெவைஸ் மாட்டினதும் அதைக் கவனிக்கிற லினக்ஸ் சர்வீஸ்) 'சென்சார்', 'மோட்டார்'னு ரெண்டு ரூல் எழுதிட்டேன், ஆனா ரெண்டு சிம்லிங்க்கும் (டெவைஸுக்கு வைக்கிற மாற்றுப் பேர்) ஒரே டெவைஸைத்தான் காட்டுது. நேம்= போட்டு பேரையே மாத்திடலாமா?

கெர்னல்_காதலன்:
நேம்= நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு மட்டும்தான் ப்ரோ, டெவைஸ் நோட் பேரை யுடெவ் மாத்தாது, சிம்லிங்க் சேர்க்கத்தான் முடியும். உங்க பிரச்சனை வேற. ரெண்டு அடாப்டருக்கும் ஐடி ஒண்ணேதான், அதனால ரெண்டு ரூலுமே ரெண்டு டெவைஸுக்கும் மேட்ச் ஆகுது. வழக்கமா சீரியல் நம்பர் வச்சுப் பிரிப்போம், சிஎச்340ல பெரும்பாலும் அது இருக்காது. அப்போ எந்த போர்ட்ல மாட்டியிருக்குன்னுதான் பிரிக்கணும். யுடெவ்அட்ம் இன்ஃபோவை -ஏ ஆப்ஷனோட ஓட்டுங்க, டெவைஸ்ல ஆரம்பிச்சு அதோட பேரன்ட் (அதுக்கு மேல் படியில இருக்கிற டெவைஸ்) எல்லாத்தையும் வரிசையா காட்டும். அதுல கெர்னல்ஸ்=="1-1.2" மாதிரி ஒண்ணு வரும், அதுதான் போர்ட். அதை ரூல்ல சேருங்க.

ஒப்பிட == போடணும், ஒத்தை = போட்டா அது அசைன்மென்ட். சிம்லிங்க்குக்கு += போடுங்க, இல்லன்னா சிஸ்டம் ஏற்கனவே வச்ச லிங்க்கெல்லாம் போயிடும்.

பூட்_லோடர்:
ரொம்ப நன்றி. ஆனா கெர்னல்ஸ்=="1-1.2:1.0"னு போட்டு கூடவே வெண்டர் ஐடியும் வச்சா ரூல் மேட்சே ஆகல. தனித்தனியா போட்டா ரெண்டும் வேலை செய்யுது, சேர்த்தா இல்ல!

கெர்னல்_காதலன்:
இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. கெர்னல்ஸ், சப்சிஸ்டம்ஸ், ட்ரைவர்ஸ், ஏட்டர்ஸ்னு பன்மையில வர்ற கீ எல்லாம் பேரன்ட்டைத் தேடும், ஆனா ஒரு ரூல்ல இருக்கிற அத்தனையும் ஒரே பேரன்ட்ல மேட்ச் ஆகணும். :1.0னு முடியறது யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், வெண்டர் ஐடி அதுக்கு ஒரு படி மேல 1-1.2ல இருக்கு. :1.0வை எடுத்துட்டா சரியாயிடும். அப்புறம் ரூல்ஸை ரீலோட் பண்ணி ட்ரிக்கர் கொடுங்க, ரீலோட் மட்டும் பண்ணா ஏற்கனவே மாட்டியிருக்கிற டெவைஸுக்கு ரூல் ஓடாது.

டெவ்_நல்:
இதுக்கு ரூலே வேண்டாம்னுதான் நான் சொல்வேன். /டெவ்/சீரியல்/பை-பாத் உள்ள போர்ட் வாரியா லிங்க் தானாவே இருக்கும், உங்க ப்ரோக்ராம்ல அதையே கொடுத்துடலாம். ரூல் எழுதுறதா இருந்தா தயவுசெஞ்சு மோட் 0666 போடாதீங்க, மோட்டாரை ஓட்டுற டெவைஸை மெஷின்ல இருக்கிற எல்லா யூசரும் எழுதலாம்னு திறந்து விடுறது ஆபத்து. க்ரூப் வச்சு 0660 போதும், ஓனரும் அந்த க்ரூப்பும் மட்டும் படிக்க, எழுத முடியும். உபுண்டு, டெபியன்ல அந்த க்ரூப் டயல்அவுட், ஆர்ச்ல யூயூசிபி.

பூட்_லோடர்:
:1.0 எடுத்ததும் ரெண்டும் சரியா பிரிஞ்சிடுச்சு! க்ரூப்பும் மாத்திட்டேன். சென்சார் மாட்டினதும் லாக் எழுதுற ஸ்க்ரிப்ட் தானா ஓடணும், அதுக்கு ரூல்ல ரன்+= (ப்ரோக்ராமை ஓட்டுற கீ) போட்டா போதுமா?

கெர்னல்_காதலன்:
வேண்டாம். ரன் சட்டுனு முடியற வேலைக்கு மட்டும்தான், ஈவென்ட் முடிஞ்சதும் அது கிளப்பின ப்ராசஸ் எல்லாத்தையும் யுடெவ் கொன்னுடும், பேக்ரவுண்ட்ல தள்ளினாலும் தப்பாது. ஸ்க்ரிப்டை சிஸ்டம்டி (சர்வீஸ்களை நடத்துற லினக்ஸ் ப்ரோக்ராம்) சர்வீஸா வச்சு, ரூல்ல டேக்+="சிஸ்டம்டி" போட்டு சிஸ்டம்டி_வான்ட்ஸ்ல அந்த சர்வீஸ் பேரைக் கொடுங்க.