ரத்தம் ஊற ஊசிக்குப் பதில் மாத்திரை: அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது

காசிமேடு_மகள்:
அப்பாவுக்கு 61 வயது. விசைப்படகில் டிரைவராக இருந்தவர். இப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஹீமோகுளோபின் 7.8. மாடிப்படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறார். இதுவரை ரத்தம் ஊற ஊசி போட்டார்கள். இந்த முறை டெசிடுஸ்டாட் என்ற மாத்திரை எழுதியிருக்கிறார்கள், வாரம் மூன்று நாள். "ஆக்சிஜன் குறைந்துவிட்டதென்று செல்லை நம்ப வைக்கும் மாத்திரை" என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து அப்பா, "எனக்கே மூச்சு வாங்குது, இன்னும் குறைக்கவா?" என்கிறார். மூன்று நாளாக அட்டை பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

பெரம்பூர்_உயிரியல்:
அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லம்மா: ஆக்சிஜன் துளியும் குறையாது. குறைந்தால் செல் என்ன செய்யுமோ, அந்த வேலையை மட்டும் இந்த மாத்திரை தொடங்கி வைக்கிறது.

நம் செல்கள் ஹெச்.ஐ.எஃப். என்ற புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கின்றன. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் ஒரு நொதி அதன்மேல் அடையாளம் வைக்கும், உடனே செல் அதை அழித்துவிடும். செய்வதும் அழிப்பதுமாக வீண் வேலை போலத் தெரியும். ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் புதிதாகச் செய்துகொண்டிருக்க நேரம் ஏது? அழிப்பதை நிறுத்தினால் போதும், புரதம் உடனே சேர்ந்துவிடும். முப்பது வருஷம் பாடம் எடுத்தும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை. சேர்ந்த புரதம் உட்கருவுக்குப் போய், ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபாய்டினைச் சுரக்க வைக்கும். அப்பா போட்ட ஊசியும் அதே எரித்ரோபாய்டின்தான், வெளியிலிருந்து வந்தது. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது. சிறுநீரகத்தில் மிச்சமுள்ள செல்களும் ஈரலும் தாங்களே சுரக்கின்றன.

இந்த வழியைக் கண்டறிந்ததற்குத்தான் கேலின், ராட்க்ளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல். டெசிடுஸ்டாட் இந்தியாவிலேயே உருவான மருந்து, 2022-இல் இங்கே அனுமதி கிடைத்தது.

வியாசர்பாடி_எக்ஸ்_ஆர்மி:
தங்கச்சி, நான் லடாக்கில் லே என்ற மலை ஊரில் இருந்தவன். 3,500 மீட்டர் உயரம். போன புதிதில் ஷூ லேஸ் கட்டவே மூச்சு வாங்கும். சில வாரத்தில் மூட்டை தூக்கி நடந்தேன், ஹீமோகுளோபினும் ஏறியிருந்தது. வாத்தியார் சொல்வதுதான் எனக்குள்ளும் நடந்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லுங்கள், மலை ஏறாமலே அவருக்கு அது நடக்கப்போகிறது.

திருவொற்றியூர்_டயாலிசிஸ்_டெக்னீஷியன்:
எல்லாம் சரி, சில விஷயம் கவனியுங்கள் அக்கா. இரும்புச்சத்து இல்லாமல் ரத்தம் ஊறாது, உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்த்தாச்சா? பழைய ஊசியைத் தொடரலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக இரண்டையும் சேர்க்க வேண்டாம். ஹீமோகுளோபின் வேகமாக ஏறினாலும், 13-ஐத் தாண்டினாலும் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அதனால் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். முன்பு எங்காவது ரத்தம் கட்டியிருந்தாலும், புற்றுநோய் வந்திருந்தாலும் கட்டாயம் சொல்லுங்கள். புற்றுநோய்க் கட்டிகளும் இதே ஹெச்.ஐ.எஃப். வழியாகத்தான் தங்களுக்கு ரத்தக்குழாய் வளர்த்துக்கொள்கின்றன. அதைத் தடுக்கும் பெல்சுடிஃபான் என்ற மருந்தைச் சிலவகைச் சிறுநீரகப் புற்றுக்கே கொடுக்கிறார்கள்.

காசிமேடு_மகள்:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். லே கதையை இரண்டு முறை படிக்கச் சொன்னார். போன வருஷம் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக இணைத்துவைத்த ரத்தக்குழாய், ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. புது டாக்டரிடம் நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. நாளை டயாலிசிஸுக்குப் போகும்போது பழைய ஃபைலையும் எடுத்துப் போகிறேன். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அட்டையைப் பிரிப்போம்.