சோப்பு ஊற்ற வீட்டுப் பெட்டி போதுமா, சிலிக்கான் மோல்டுதான் வேணுமா?

டப்பாராணி: கோல்ட் பிராசஸ் சோப்புக்கு (எண்ணெயையும் காஸ்டிக் சோடா கரைச்ச காரநீரையும் அடுப்புல காய்ச்சாம கலக்குற முறை) காலி பால் அட்டைப்பெட்டியே போதும். கழுவிக் காயவச்சு, படுக்கவச்சு, மேல்பக்கத்தை மட்டும் வெட்டி ஊத்துங்க. 24-48 மணி நேரத்துல அட்டையைக் கிழிச்சா கட்டி தனியா வந்துடும். இதுக்கு எதுக்குங்க சிலிக்கான்?

காரக்கரைசல்: எந்தப் பெட்டின்னு சொல்லாம விட்டா எப்படி? ஃபிரிட்ஜ் இல்லாமலே மாசக்கணக்கில் கெடாத பால், ஜூஸ் பெட்டிகள்ல அலுமினியத் தாள் இருக்கு. காஸ்டிக் சோடா அதை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

டப்பாராணி: அந்தத் தாளுக்கு மேல பாலிஎத்திலீன் பூச்சு இருக்கே, கலவை தொடுறது அதைத்தான். வெட்டின விளிம்பு கலவை மட்டத்துக்கு மேல 2 செ.மீ. நிக்கட்டும்.

காரக்கரைசல்: உள்ளே கத்தி கீறினா பூச்சு போச்சு. அதோட பெட்டி வயிறு தள்ளும், கட்டி கோணலா வரும்.

டப்பாராணி: ரெண்டு பக்கமும் பலகை வச்சு டேப் சுத்துங்க, தள்ளாது. கீறல் விழுந்த பெட்டியைத் தூக்கிப் போடுங்க, அதுல வாதமே இல்லை.

அளவுகோல்: ரெண்டு பேரும் சூட்டை மறந்துட்டீங்க. ஊத்தின கலவை தானா சூடாகி கண்ணாடி மாதிரி ஆகுற ஜெல் நிலையில அது 70-80 டிகிரி தொடும். பிளாஸ்டிக் டப்பா அடியில முக்கோணக் குறிக்குள்ள 2 அல்லது 5 எண் இருந்தா தாங்கும். 1 எண் போட்ட ஜூஸ் பாட்டில் நெளிஞ்சுடும். கண்ணாடி வேண்டவே வேண்டாம், கட்டி வெளியே வராது. மெழுகுத் தாள் விரிச்சா மெழுகு உருகும், பட்டர் பேப்பர்தான் சரி.

எவ்வளவு எண்ணெய் வேணும்னு தெரிய, நீளம் × அகலம் × ஊற்றும் உயரம் (செ.மீ.), அதை 0.7-ஆல பெருக்குங்க, எண்ணெய் கிராம் கணக்கு வரும். 18 × 7 × 7 பெட்டிக்குச் சுமார் 615 கிராம்.

டப்பாராணி: வட்டக் கட்டிக்கு பிவிசி குழாய்?

காரக்கரைசல்: அதுதான் பெரிய தலைவலி! காத்து புகாம உறிஞ்சிப் பிடிச்சுக்கும், தள்ளினாலும் நகராது. சிலிக்கான்னா சுவரைப் பிரிச்சாலே காத்து புகுந்துடும்.

அளவுகோல்: உள்ளே பட்டர் பேப்பரைச் சுருட்டி விடுங்க, அடியைப் பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் போட்டு இறுக்குங்க. இறுகினதும் ஃப்ரீசர்ல 2-3 மணி நேரம். சோப்பு சுருங்கும், அப்புறம் கட்டையால தள்ளலாம். எண்ணெய் எடையில 1-3 சதவீதம் சோடியம் லாக்டேட்ங்கிற உப்பை, ஆறின காரநீர்ல கலந்தா கட்டி சீக்கிரம் கெட்டியாகும்.

காரக்கரைசல்: இவ்வளவு மெனக்கெட்டுக் குழாயா? தேன், பால் சேர்த்த கலவை தானாவே ரொம்பச் சூடாகும். அதைக் குழாயில ஊத்தினா நடுவுல பொங்கி மேலே வழியும். அதுக்காவது தட்டையான மோல்டு எடுங்க.