பதவி இல்லாத மாணவர் தலைமைத்திறனை எங்கே தொடங்கிப் பழகுவது?

மூன்றாமாண்டு மாணவி (கேள்வி)

வணக்கம். நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கிளினிக்கல் போஸ்டிங் (மருத்துவமனை வார்டுப் பயிற்சி) மதிப்பீட்டுப் படிவத்தில் ‘தலைமைப் பண்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எதைப் பார்த்து அதில் மதிப்பெண் போடுகிறார்கள் என்பது தெளிவாக இல்லை. வகுப்புப் பிரதிநிதி போன்ற பொறுப்பு எதுவும் என்னிடம் இல்லை. வார்டில் எல்லோருக்கும் கடைசியில் நிற்பது மாணவர்தான். அந்த இடத்தில் நின்றபடி எதைப் பழக முடியும்? இரண்டு இடங்களில் தடுமாற்றம் அதிகம்: டாக்டருக்குப் போன் செய்து நோயாளியின் நிலையைச் சொல்வது, சீனியர் செய்வது தவறாகத் தோன்றும்போது வாய் திறப்பது. ‘தன்னம்பிக்கையோடு இருங்கள்’ என்பது போன்ற பதில் வேண்டாம், செய்முறை சொல்லுங்கள்.

இரவு டூட்டி

முதலில் போன். இதற்கு எஸ்பார் என்ற நான்கு படி வரிசை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய முறை, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், என்ன வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

எடுத்துக்காட்டு: “சார், சர்ஜரி வார்டிலிருந்து நர்சிங் மாணவி பேசுகிறேன், ஸ்டாஃப் சிஸ்டர் பக்கத்தில் இருக்கிறார். 12ஆம் படுக்கை நோயாளிக்கு பிபி 86/50, பல்ஸ் 124. ஒரு மணி நேரம் முன்பு பிபி 118/74. நேற்று குடல் ஆபரேஷன் ஆனவர், 4 மணி நேரத்தில் சிறுநீர் மொத்தம் 60 மில்லிதான். உள்ளே ரத்தக்கசிவு இருக்குமோ என்று கவலையாக இருக்கிறது. உடனே வந்து பார்க்க வேண்டும் சார். அதுவரை இங்கே என்ன செய்ய?”

சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். மாணவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பின்னணியிலிருந்து தொடங்குவது. “இவருக்கு 62 வயது, சுகர் இருக்கு, போன வாரம் அட்மிட் ஆனார்…” என்று போனால், ஆபத்தான எண் வருவதற்குள் கேட்பவரின் கவனம் சிதறிவிடும். இன்னொன்று, நான்காம் படியை விழுங்கிவிடுவது. “பிபி குறைவா இருக்கு சார்” என்று நிறுத்தினால், “சரி, பார்த்துக்கோங்க” என்ற பதில்தான் வரும். வர வேண்டும் என்று கேட்காத இடத்தில் யாரும் வருவதில்லை.

போனை எடுக்கும் முன் நோயாளியை நேரில் பாருங்கள், சார்ட்டைக் கையில் வையுங்கள். வாய்மொழியாக மருந்து உத்தரவு வந்தால் போனை ஸ்டாஃப் சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள், அது மாணவர் வாங்க வேண்டியது அல்ல. பழகுவதற்கு, கற்பனை நோயாளியை வைத்துப் பேசி செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். உண்மையான நோயாளியின் விவரம் பதிவில் வரவே கூடாது.

மருந்துத் தட்டு

இரண்டாவது கேள்விதான் கடினம், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

தயங்கும் மாணவர் வழக்கமாகக் குறிப்பாகச் சொல்லிப் பார்ப்பார்: “சிஸ்டர், இந்த மருந்துதானா?” கேட்பவர் காதில் அது பாடத்தில் வந்த சந்தேகமாக விழும். “ஆமா” என்று சொல்லிவிட்டு ஊசியைப் போடுவார். குறிப்பை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: “சிஸ்டர், கைப்பட்டையில் பெனிசிலின் அலர்ஜி என்று இருக்கிறது. கையில் இருப்பது அமாக்சிசிலின்.” (அமாக்சிசிலின் பெனிசிலின் வகை மருந்து.) ‘நீங்கள்’ என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆளைத் தொடாமல் பட்டையையும் மருந்தையும் மட்டும் பக்கத்தில் வைத்தால், கேட்பவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் அவசியம் வராது.

காதில் விழவில்லை என்றால் இரண்டாம் முறை சொல்ல வேண்டும். முதல் முறை கேட்கப்படாமல் போவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல, வேலையில் மூழ்கியிருப்பதால். அப்போது மூன்று படிகளாகக் குரலை ஏற்றுங்கள்: “எனக்குக் கவலையாக இருக்கிறது.” “இது எனக்குச் சரியாகப் படவில்லை.” “இது நோயாளியின் பாதுகாப்பு விஷயம், தயவுசெய்து நிறுத்துங்கள்.” ஊசி ஏற்கெனவே நோயாளியின் கைக்கருகே போய்விட்டால் முதல் இரண்டு படிகளைத் தாண்டி நேராக மூன்றாவதுக்குப் போங்கள். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் வார்டு இன்சார்ஜை அழையுங்கள்; இது கோள் சொல்வது ஆகாது. பிறகு அந்த சிஸ்டரைத் தனியாகச் சந்தித்து இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். ஒரே ஷிஃப்டில் மறுநாளும் சேர்ந்து நிற்க வேண்டுமே.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். அதில் ஒன்று, கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்வது. ஒரு முறை வாய் திறந்தவருக்கு, பின்னர் ஏதாவது தவறாகத் தெரிந்தால் மறுபடி திறப்பது எளிது. எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் புகுத்திய பிறகு இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே ஷிஃப்ட் தொடங்கும்போதே உங்கள் பெயர், ஆண்டு, இன்று எதைச் செய்ய அனுமதி உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள். பாதி தயக்கம் அங்கேயே கழன்றுவிடும்.

கால்மாடு

பொம்மை நோயாளியை வைத்துப் பழகும் சிமுலேஷன் லேபை யாரும் சொல்லவில்லையே! அடுத்த சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி உயிர் காக்கும்) பயிற்சியில் டீம் லீடராக நிற்கக் கேட்டு வாங்குங்கள். கட்டிலின் கால்மாட்டில் நில்லுங்கள். மானிட்டர், மார்பு அழுத்துபவர், மருந்து மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். கையில் எதையும் எடுக்காதீர்கள். ஐவி லைன் (ரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் குழாய்) கிடைக்கவில்லை என்று லீடரே குனிந்துவிட்டால், அந்த நொடியிலிருந்து மொத்த நிலவரத்தையும் பார்க்க ஆள் கிடையாது.

“யாராவது அட்ரினலின் போடுங்க” என்பது எல்லாப் பயிற்சியிலும் கேட்கும் வாசகம். யாரும் போட மாட்டார்கள், அல்லது இரண்டு பேர் போடுவார்கள். பெயர் சொல்லி அழையுங்கள்: “மீனா, அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐவி.” மீனா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், போட்டதும் “போட்டாச்சு” என்று சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்துபவரை மாற்றுங்கள். அவர் “பரவாயில்லை, முடியும்” என்பார், நம்ப வேண்டாம்; களைப்பு தெரியும் முன்பே அழுத்தும் ஆழம் தேவையான 5 சென்டிமீட்டரை விடக் குறைந்துவிடும்.

மூன்றாமாண்டு மாணவி

மிக்க நன்றி. வார்டில் ஒரு சிறிய மாற்றம் செய்து பார்க்க வேண்டும் என்றும் ஆசை. கை சுத்தம் பற்றி போஸ்டர் ஒட்டலாமா?

அளவுகோல்

போஸ்டர் வேண்டாம். மூன்றாம் நாள் அது சுவரோடு சுவராகிவிடும். முதலில் எண்ணுங்கள். இன்சார்ஜிடம் அனுமதி வாங்கி, ‘நோயாளியைத் தொடும் முன்’ என்ற ஒரே தருணத்தை மட்டும் எடுத்து, 20 வாய்ப்புகளில் எத்தனை முறை கை சுத்தம் நடந்தது என்று பெயர் குறிக்காமல் குறியுங்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் கழுவுவார்கள், அதனால் முதல் நாள் எண்ணிக்கையைத் தள்ளிவிடுங்கள். பிறகு ஏன் விடுபடுகிறது என்று கேளுங்கள். ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் சானிட்டைசர்) பாட்டில் கதவருகே இருக்கும், அது வேண்டியது கட்டிலருகே. ஒரு கட்டிலில், ஒரு ஷிஃப்டில் பாட்டிலை இடம் மாற்றி மறுபடி 20 எண்ணுங்கள். பலன் தெரிந்தால் அடுத்த கட்டில்.

முடிவை மட்டும் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். எண்ணும் வேலையில் ஒரு ஸ்டாஃப் சிஸ்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். பிரசவ வார்டில் ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. ஆனால் தன் நூலை அவர் வெளியிட்டது 1861இல்தான், சக மருத்துவர்கள் பலர் ஏற்கவும் இல்லை. எண் அவர் பக்கம் இருந்தது, ஆட்கள் இல்லை.

இரவு டூட்டி

படிவத்தில் உள்ள அந்தத் ‘தலைமைப் பண்பு’ கட்டத்தைப் பற்றி: போஸ்டிங் முதல் நாளே பயிற்றுநரிடம், “இந்த வாரம் ஹேண்ட்ஓவரில் (ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரத்தை ஒப்படைப்பதில்) எஸ்பார் வரிசையைப் பழகுகிறேன், வெள்ளிக்கிழமை ஒன்றைக் கேட்டுவிட்டு எந்தப் படி விடுபட்டது என்று சொல்வீர்களா?” என்று கேளுங்கள். “எப்படிச் செய்தேன்?” என்று கேட்டால் “நல்லா இருந்தது” என்பதோடு முடிந்துவிடும்.