டிஸ்அசெம்பிளர் வெளியீட்டில் ரெஜிஸ்டர் பெயருக்கு முன்னால் 4 வருகிறது: பேட்ச் மீளாய்வில் உதவி தேவை

வழிப்போக்கன்:
வணக்கம். டிஸ்அசெம்பிளரின் (இயந்திர நிரலை அசெம்பிளி வரிகளாகப் பிரித்துக் காட்டும் கருவியின்) வெளியீட்டில் வண்ணப் பாணிகளை மாற்றியமைக்கும் ஒரு பேட்சை (நிரல் திருத்தத்தை) இன்று மாலைக்குள் மீளாய்வு செய்து கருத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதியவர் நானல்லன். நிரலைப் படித்தவரை பிழையாக எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தால் 0எக்ஸ்8(%ஆர்பிபி) என்று வரவேண்டிய இடத்தில் 70எக்ஸ்80(4%ஆர்பிபி0) என்று வருகிறது. 8 எப்படி 80 ஆனது, ரெஜிஸ்டருக்கு (செயலியின் உள்நினைவிடமான %ஆர்பிபிக்கு) முன்னால் 4 எங்கிருந்து முளைத்தது என்று விளங்கவில்லை. இத்தனைக்கும் இடப்பெயர்வை (முகவரியோடு கூட்டும் அந்த 0எக்ஸ்8ஐ) கணக்கிடும் பகுதியை இந்த பேட்ச் தொடவே இல்லை. இதை முன்பு பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

நிரல்வண்டு:
எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. ரெஜிஸ்டர் பெயரையும் சதவீதக் குறியையும் வைத்து எக்ஸ்86 செயலி என்றும் ஏடி அண்ட் டி தொடரியல் (அசெம்பிளியை எழுதும் ஒரு முறை) என்றும் ஊகிக்கிறேன். கருவி ஆப்ஜ்டம்ப்பா, ஜிடிபி என்ற பிழைதிருத்தியா? எல்லா வரிகளிலும் வருகிறதா, சில வரிகளில் மட்டுமா? வண்ணத்தை நிறுத்தினாலும் வருகிறதா?

கூழாங்கல்:
இது டெர்மினல் கோளாறு என்றே நினைக்கிறேன். வண்ணத்துக்கான எஸ்கேப் தொடரில் (நிறத்தை மாற்றச் சொல்லும் கட்டுப்பாட்டு எழுத்துகளில்) ஒரு பகுதியை டெர்மினல் விழுங்கிவிட்டு மீதியை எழுத்தாகக் காட்டினால் இப்படித்தான் எண்கள் சிதறிக் கிடக்கும். லெஸ் (பக்கம் பக்கமாகக் காட்டும் நிரல்) வழியாகப் பார்க்கிறீர்கள் என்றால் -ஆர் விருப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

இரும_எலி:
என் அனுபவத்தில் இந்த மாதிரிக் குப்பை எண்கள் பஃபர் (தற்காலிக நினைவிடம்) வழிந்தால்தான் வரும். பாணியைச் சேர்க்கும்போது ஆப்பரண்ட் (கட்டளை செயல்படும் ரெஜிஸ்டர், எண் அல்லது முகவரி) பஃபரின் அளவை உயர்த்தினார்களா என்று முதலில் பாருங்கள்.

வழிப்போக்கன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆப்ஜ்டம்ப்தான், எக்ஸ்86-64தான். வெளியீட்டைக் கோப்பில் சேமித்தாலும் அந்த எண்கள் இருக்கின்றன. வண்ண விருப்பத்தை ஆஃப் என்று வைத்தாலும் இருக்கின்றன.

மூத்தவாசகர்:
மீளாய்வு செய்ய அமர்பவர் மாற்றப்பட்ட கோப்பை ஒருமுறை மேலிருந்து கீழே படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரிய எதிர்பார்ப்பு அன்று. பாணியுடன் அச்சிடும் கால்பேக் (டிஸ்அசெம்பிளர் ஒவ்வொரு துண்டையும் அச்சிட அழைக்கும் ஃபங்ஷன்), ஆப்ஜ்டம்ப் அடங்கிய பைனியூட்டில்ஸ் தொகுப்பின் 2.39 பதிப்பு முதல், அதாவது 2022 முதல், பொது ஹெடர் கோப்பில் இருக்கிறது. பாணிகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து எண்ணத் தெரிந்தால் 4 எது, 7 எது என்று அதிலேயே விடை கிடைக்கும். இங்கே டெர்மினலையும் பஃபரையும் குறை சொல்லிக்கொண்டிருப்பதற்கு அது எளிது.

நிரல்வண்டு:
மூத்தவாசகர் கடுமையாகச் சொன்னாலும் சுட்டிய இடம் சரிதான். அந்தப் பட்டியலில் சாதாரண எழுத்து 0, ரெஜிஸ்டர் 4, இம்மீடியட் (கட்டளையிலேயே எழுதிய எண்) 5, முகவரி 6, முகவரியின் இடப்பெயர்வு 7. உங்கள் வரியில் இடப்பெயர்வுக்கு முன்னால் 7, அடைப்புக்குறிக்கு முன்னால் 0, ரெஜிஸ்டருக்கு முன்னால் 4, மறுபடியும் மூடும் அடைப்புக்குறிக்கு முன்னால் 0 வருகின்றன. எனவே 8 என்பது 80 ஆகவில்லை. 8க்கு அடுத்து நிற்கும் 0 அடைப்புக்குறிக்கு உரிய பாணி எண். சேமித்த கோப்பின் அந்தப் பகுதியை மட்டும் பதினாறடிமான வடிவில் இங்கே ஒட்டுங்கள். எந்த வரிகளில் வருகிறது என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

வழிப்போக்கன்:
02 37 02 30 78 38 02 30 02 28 02 34 02 25 72 62 70 02 30 02 29

வரிகளைப் பற்றி: வரியின் இறுதியில் வரும் கமெண்ட்டில் மட்டும்தான் இந்தச் சிக்கல். அதே வரியின் ஆப்பரண்ட் பகுதி சரியாகவே இருக்கிறது. சில கட்டளைகளுக்கு மெமரி ஆப்பரண்டைக் கமெண்ட்டிலும் ஒருமுறை எழுதிக் காட்டுவதுதான் பேட்சின் புதிய பகுதி.

நிரல்வண்டு:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும்.

எக்ஸ்86 டிஸ்அசெம்பிளரில் ஆப்பரண்ட்கள் நேராக அச்சிடப்படுவதில்லை. முதலில் ஒவ்வொன்றும் தனித்தனி பஃபரில் எழுத்துச் சரமாகக் கட்டப்படுகிறது. பாணி மாறும் இடந்தோறும் 02 என்ற பைட்டு, பாணியின் எண்ணைக் குறிக்கும் ஒற்றைப் பதினாறடிமான எழுத்து, மீண்டும் 02 என மூன்று பைட்டுகள் சரத்தின் நடுவே செருகப்படுகின்றன. பிறகு அந்தச் சரத்தை வாங்கி, குறிகளை நீக்கி, ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய பாணியுடன் கால்பேக்குக்கு அனுப்ப அதே கோப்பில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பேட்சின் புதிய பகுதி அந்த ஃபங்ஷனைத் தாண்டிக்கொண்டு பஃபரை நேரடியாகக் கால்பேக்கிடம் கொடுத்திருக்கும். அதனால் குறிகள் அப்படியே வெளியே வருகின்றன. 02 டெர்மினலில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் நடுவில் உள்ள இலக்கம் மட்டும் எஞ்சுகிறது. கூழாங்கல் சொன்ன எஸ்கேப் தொடராக இருந்தால் 1பி என்ற பைட்டு இருந்திருக்கும், வண்ணத்தை நிறுத்தியதும் மறைந்தும் இருக்கும். பஃபர் வழிந்திருந்தால் குப்பை இவ்வளவு ஒழுங்காக வராது. 9 எழுத்துகளும் 4 குறிகளும் சேர்ந்து சரியாக 21 பைட்டுகள்.

இரும_எலி:
இந்த வரியில் வழியவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் 9 எழுத்துக்கு 21 பைட்டு என்றால் பஃபர் அளவைப் பற்றி நான் கவலைப்பட்டதில் தவறில்லை. சொல்லப்போனால் தரவுக்குள்ளேயே குறிகளைச் செருகும் இந்த ஏற்பாடே தவறு. ரிஸ்க்-வி (இன்னொரு செயலி வகை) டிஸ்அசெம்பிளர் ஒவ்வொரு துண்டையும் அதன் பாணியோடு நேராகவே அச்சிடுகிறது. அங்கே இந்த வகைப் பிழைக்கு இடமே இல்லை.

மூத்தவாசகர்:
ரிஸ்க்-வியில் ஆப்பரண்ட்கள் எழுதவேண்டிய வரிசையிலேயே கிடைத்துவிடுகின்றன. எக்ஸ்86இல் இன்டெல் வரிசையில் பிரித்துவிட்டு ஏடி அண்ட் டிக்காகத் தலைகீழாக அச்சிட வேண்டும். எனவே எல்லாவற்றையும் கட்டி முடிக்காமல் முதல் எழுத்தையே அச்சிட முடியாது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் படித்திருப்பது நல்லது.

இரும_எலி:
கட்டி முடித்த பிறகுதான் அச்சிட வேண்டும் என்பது சரி, ஐயா. ஆனால் பாணிகளைச் சரத்துக்கு வெளியே தனி வரிசையாக வைத்திருக்கலாமே என்பதே என் வாதம். சரத்தின் நீளத்தை அளக்கும் வரியும் முதல் எழுத்தைச் சோதிக்கும் வரியும் குறிகளையும் சேர்த்தே எண்ணிவிடும் ஆபத்து இன்றும் இருக்கிறது.

கூழாங்கல்:
இன்னொரு ஐயம். கமெண்ட்டைச் சரிசெய்த பிறகும் ரெஜிஸ்டர் பெயர் அங்கே வண்ணமின்றித்தான் வருமா? நான் ஓட்டிப் பார்த்த வேறு கோப்புகளில் அப்படித்தான் இருந்தது, அதுவும் பிழையா?

நிரல்வண்டு:
அது பிழையன்று. கமெண்ட் தொடக்கத்துக்கான பாணி ஒருமுறை வந்துவிட்டால், அந்த வரியின் மீதி முழுவதையும் ஆப்ஜ்டம்ப் கமெண்ட்டாகவே கருதும். உள்ளே ரெஜிஸ்டர் பாணி வந்தாலும் அதற்குரிய வண்ணத்தைத் தராது.

வழிப்போக்கனுக்கு இன்னொன்று: வண்ணத்தைக் கண்ணால் பார்த்து இந்த பேட்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வண்ண விருப்பத்தின் ஆன் நிலையில் முகவரி, இடப்பெயர்வு, இம்மீடியட் ஆகிய மூன்றுக்கும் ஒரே நிறம், எண் 35. எக்ஸ்டெண்டட் நிலையில் இம்மீடியட் பிரிந்து நிற்கும், ஆனால் முகவரியும் இடப்பெயர்வும் அங்கேயும் ஒன்றுதான். இடப்பெயர்வுக்கு முகவரியின் பாணியைத் தந்திருந்தால் எந்தத் திரையிலும் உங்களுக்குத் தெரியாது. நான் செய்வது இது: கால்பேக்கில் வண்ணத்துக்குப் பதிலாக ஒவ்வொரு துண்டையும் பாணி எண்ணோடு தனி வரியில் எழுதும் சிறு நிரல் ஒன்றை வைத்திருக்கிறேன், பேட்சுக்கு முன்னும் பின்னும் ஓட்டி வேறுபாட்டைப் பார்ப்பேன். அதோடு வண்ணத்தை நிறுத்திய வெளியீடு, புதிய கமெண்ட்கள் தவிர, ஒரு பைட்டுகூட மாறாமல் இருக்க வேண்டும். காற்புள்ளி ரெஜிஸ்டர் பாணிக்குள் சிக்கிக்கொள்வது போன்ற சில்லறைத் தவறுகள் முதல் சோதனையில்தான் பிடிபடும்.

மூத்தவாசகர்:
சோதனைத் தொகுப்பை ஓட்டியிருந்தால் 02 பைட்டு எதிர்பார்த்த வரியோடு பொருந்தாமல் அங்கேயே தோற்றிருக்கும். ஓட்டினீர்களா?

வழிப்போக்கன்:
ஓட்டினேன், எல்லாம் தேறின. காரணம் இப்போதுதான் தெரிந்தது. புதிய கமெண்ட் வரும் கட்டளை எதுவும் சோதனைக் கோப்புகளில் இல்லை. நான் கையால் எழுதிய பைட்டுகளில்தான் அது வெளிப்பட்டது.

நிரல்வண்டு சொன்னபடியே ஒரே ஒரு வரிதான். பேட்சை எழுதியவர் பஃபரைக் கால்பேக்குக்கு நேரே கொடுத்திருந்தார். அந்த வரியை மாற்றவும் அந்தக் கட்டளைக்கு ஒரு சோதனையைச் சேர்க்கவும் கேட்டு எழுதிவிட்டேன். பாணி எண்ணை எழுதும் கால்பேக்கையும் ஓட்டினேன். ஓரிடத்தில் 7 வரவேண்டியது 6 ஆக வருகிறது, அதையும் குறிப்பிட்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

இரும_எலி:
பார்த்தீர்களா, தனி வரிசையாக வைத்திருந்தால் அந்த ஒரு வரித் தவறு நேர்ந்திருக்கவே முடியாது.

மூத்தவாசகர்:
6க்கும் 7க்குமான தவறு அப்போதும் நேர்ந்திருக்கும்.